மாப்பிள்ளைத் தோழனுக்கு ஓர் ஊன்றுகோல்

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது என் மொபைலில் ஒரு பட்டியல் இருந்தது. நெற்றியில் கட்டும் விளக்கு மூன்று, பெயர் பொறித்த ஃபிளாஸ்க் மூன்று, மடக்குக் கத்தி மூன்று. மாப்பிள்ளைத் தோழர்களாக என்னோடு வரப்போகிற மூன்று பேருக்கும் வீட்டுக்குள் உட்காரவே தெரியாது. ஒருவன் லீவு கிடைத்தால் நாகலாபுரம் மலையில் இருப்பான். இன்னொருவனுக்கு அவன் அப்பாவின் பழைய புல்லட்தான் உலகம். அது எங்க ஊர்ச் சரக்கு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, புல்லட்டைச் செய்தது திருவொற்றியூரில்தான். மூன்றாமவன் எண்ணூர்க்காரன். கழிமுகத்தில் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை.

பட்டியலை அவனிடம்தான் முதலில் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதெல்லாம் இன்னாத்துக்குடா? கல்யாணம் ஆனதும் நாவலூர் போற. அதுக்கு இப்பவே லஞ்சமா?"

நாவலூரில் வீடு பார்த்திருப்பதை மூன்று பேரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. எங்கேயும் போக மாட்டேன், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம நாலு பேரும் வெளியிலதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

முதல் பத்திரிகையைத் தியாகராஜ சுவாமி கோயிலில் வைக்க அம்மா கூட்டிப்போனார். அங்கே மகிழ மரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்க ஊரின் மிகப் பிரபலமான கல்யாணமே ஒரு பொய்ச் சத்தியத்தின் கதை. அதில் மாப்பிள்ளையின் தோழன் சாட்சாத் சிவபெருமான்.

மாப்பிள்ளை சுந்தரர். தம்பிரான் தோழர் என்பது அவருக்குப் பட்டப்பெயர். அவர் வாழ்ந்தது எட்டாம் நூற்றாண்டை ஒட்டி என்பது பொதுவான கணிப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் இந்தக் கல்யாணத்தை விரிவாகச் சொல்கிறார். ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைச் சுந்தரர் பார்க்கிறார். ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருக்கிறார். ஆனாலும் நண்பனிடம் போய்ப் பெண் கேட்டுத் தரச் சொல்கிறார். சங்கிலியாரின் பக்கமோ தெளிவாக இருக்கிறது: உன்னைப் பிரிந்து போக மாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்யட்டும்.

இங்கேதான் மாப்பிள்ளை ஒரு தந்திரம் செய்கிறார். நான் சத்தியம் பண்ணும் நேரத்தில் நீ சன்னிதியில் இருக்காதே, வெளியே மகிழ மரத்தடியில் போய் இரு என்று நண்பனிடம் கேட்டுக்கொள்கிறார். நண்பனும் சரி என்கிறார். சொன்னபடி மரத்தடிக்கும் போகிறார். ஆனால் அதற்கு முன்னால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழடியில் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் சங்கிலியாரின் தோழிகள், சன்னிதியெல்லாம் எதற்கு, மரத்தடியே போதும் என்கிறார்கள். சுந்தரர் வேறு வழியில்லாமல் மரத்தைச் சுற்றிவந்து சத்தியம் செய்கிறார். மாசி பிரம்மோற்சவத்தில் நடக்கும் மகிழடி சேவை இந்தச் சத்தியத்தின் நினைவுதான். சின்ன வயசில் அந்தக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாமி மாட்டிவிட்ட கதை என்று சிரித்ததோடு சரி.

இப்போது மாப்பிள்ளையாகப் போகிறவனாக யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. நண்பன் பெண் பேசித் தருகிறான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான். ஏமாற்ற மட்டும் கூட நிற்க மறுக்கிறான். இப்படிப்பட்ட தோழனுக்கு மாப்பிள்ளை என்ன கொடுத்திருக்க முடியும்? சுடுகாட்டிலும் பனிமலையிலும் தோலை உடுத்திக்கொண்டு திரிகிறவனுக்கு ஃபிளாஸ்க்கா?

தோழனுக்குக் கொடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. யாழ்ப்பாணத் திருமணங்களில் பெண்ணின் சகோதரன் தோழனாக வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். வெளியில் வாழும் உயிருக்குப் பரிசு தருவதற்கும் நம்மிடம் பழைய உதாரணம் உண்டு. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தேதான் கொடுத்தான். கணக்குப் பார்க்காத அந்தக் கொடைக்குப் பெயர் கொடைமடம். என் பட்டியலிலும் மடம் இருந்தது, ஆனால் கணக்கும் இருந்தது. போகிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு கத்தி, ஒரு விளக்கு.

சுந்தரரின் கதை கல்யாணத்தோடு முடியவில்லை. வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு வந்து, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். தாண்டிய இடத்திலேயே இரண்டு கண்ணும் போகின்றன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலில் இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறேன், நீ போ என்கிற மாதிரி ஒட்டாத பதில்தான் கிடைக்கிறது. கண் கிடைக்கவில்லை. கிடைத்தது ஓர் ஊன்றுகோல். பிறகு காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொன்று. கோபத்தில் அந்தக் கோலை வீசி நந்தியின் கொம்பை உடைத்தார் என்பது கோயில் கதை. மன்னிப்பதற்கு முன்னாலேயே, வழியில் விழுந்துவிடக் கூடாது என்று நண்பன் நினைத்திருக்கிறான். வெளியில் நடக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எந்தக் கடையிலும் எனக்குத் தென்படவில்லை.

அந்தத் திருவெண்பாக்கம் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காக 1940இல் மேயர் சத்தியமூர்த்தி அடிக்கல் நாட்டி, 1944இல் கட்டிமுடித்த பூண்டி நீர்த்தேக்கம் அதை மூழ்கடித்தது. கோயிலை எடுத்துவந்து பூண்டியில் கட்டினார்கள். ஊன்றீஸ்வரர் கோயில் என்று பெயர். அணை நிற்பது கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே. அந்த ஆறு அங்கிருந்து கிழக்கே வந்து சேர்கிற இடம் எண்ணூர் கழிமுகம், என் நண்பன் வீட்டு வாசல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பூண்டிக்கு வண்டியில் போனோம். நாவலூர் விஷயத்தை நீர்த்தேக்கத்தின் கரையில் வைத்துச் சொன்னேன். மலைக்காரன் ஒன்றும் பேசவில்லை. புல்லட்காரன், "அங்கருந்து இங்க வர ஒன்றரை மணி நேரம்தாண்டா" என்றான். எண்ணூர்க்காரன் மட்டும், "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். திரும்பும் வழியில் ஒரு மூங்கில் கடையில் ஆளுக்கொரு நல்ல கம்பு வாங்கினேன். பெயரெல்லாம் பொறிக்கவில்லை.

மறுவாரம் அவனுடைய கம்பைப் படகில் எடுத்துவந்தான். அனல்மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காகப் படிந்த கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படிந்தது. ஓரிடத்தில் படகை நிறுத்தி, கம்பைத் தண்ணீரில் ஊன்றினான். முழங்கால் அளவுதான் நனைந்தது. "இங்க எங்கப்பா முங்கி எழுவாரு" என்றான். கம்பை எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினான்.

"மாசாமாசம் வந்து பாரு. கோடு ஏறுதா எறங்குதான்னு நீயும் பாக்கணும்."

அடுத்த ஞாயிறு எனக்குக் கல்யாணம். அதற்கு அடுத்த மாதத்துக்கான தேதியை நாங்கள் அப்போதே படகில் வைத்துக் குறித்துக்கொண்டோம்.