திராக்கோன் சட்டமும் கொலையாளியின் உள்ளமும்

கடுமையான சட்டத்தைக் குறிக்க ஐரோப்பியர் இன்றும் திராக்கோனின் பெயரையே எடுத்தாளுவர். கி. மு. 621ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரத்தார்க்குச் சட்டம் வகுத்தவர் அவர். சிறு களவுக்கும் மரணதண்டனை விதித்தாரென்பர். பின்வந்த சோலன் அச்சட்டங்களை நீக்கினார். கொலைபற்றிய சட்டத்தை மட்டும் தொடாது விட்டார்.

கொன்றவன் யார் என்பதோடு அமையாது, வேண்டுமென்றே கொன்றானா என்றும் வினவிய சட்டம் அது. வேண்டுமென்றே கொன்றவனை அரியோப்பாகஸ் குன்றிற் கூடிய மன்றம் விசாரித்தது, தண்டனை மரணம். கருதாது கொன்றவனுக்குப் பல்லாடியன் என்னுமிடத்தில் வேறு மன்றம், தண்டனை நாடுகடத்தல். இறந்தவனின் தந்தை, உடன்பிறந்தார், மைந்தர் அனைவரும் ஒருமுகமாக மன்னித்தாலன்றி அவன் ஊர் திரும்புதல் இயலாது. ஒருவர் மறுப்பினும் மறுத்ததே. கி. மு. 409இல் மீண்டுங் கல்லிற் பொறிக்கப்பெற்ற இவ்விதிகள், சிதைந்த நிலையில், இன்றும் ஏதென்ஸிற் காணக்கிடக்கின்றன.

இவ்வாறு நாடுகடத்தப்பட்டவன்மீது, திட்டமிட்டுச் செய்த வேறொரு கொலைக்குற்றம் சாட்டப்பெற்றால்? தாய்மண்ணை மிதிக்க அவனுக்கு உரிமையில்லை. ஆகவே அவன் படகில் நின்று வாதாட, நீதிபதிகள் கரையிலிருந்து கேட்டனர். விநோதமான ஏற்பாடுதான். ஆயினும், ஒருவன் சொல்லைக் கேளாது அவன் எண்ணத்தைத் தீர்மானித்தலாகாதென்ற கவலை அதிலே தெரிகிறது.

எனினும் எண்ணத்தில் ஏதென்ஸார் கண்ட படிகள் இரண்டே. கவனக்குறைவும் தற்செயலும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. விளையாட்டுப் போட்டியில் எறிந்த ஈட்டி பட்டு ஒருவன் இறந்தபோது, குற்றம் ஈட்டியினதா, எறிந்தவனதா, போட்டியை நடத்தியவர்களதா என்று பெரிக்கிளீஸும் புரொத்தகோரஸும் ஒரு பகல் முழுவதும் ஆராய்ந்தனரென்று புளூட்டாக் எழுதுகிறார். கண்ட முடிவு யாதென அவர் கூறவில்லை.