நூற்றுக்கு எத்தனை பேர்? - அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அட்மிஷன் கணக்கு

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது ஓர் எண்ணை. அதுதான் அனுமதி விகிதம். விண்ணப்பித்த 100 பேரில் எத்தனை பேருக்கு அட்மிஷன் தருகிறார்கள் என்பதே அந்த எண். அது சிறியதாக இருந்தால் உயர்ந்த பல்கலைக்கழகம், பெரியதாக இருந்தால் சாதாரணமானது என்பது பரவலான எண்ணம். இது எந்த அளவுக்குச் சரி? இரண்டு பல்கலைக்கழகங்களின் வரலாற்றைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

ஹார்வர்ட்: கதவு திறந்திருந்த காலமா?

1940ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேரைச் சேர்த்துக்கொண்டது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் அன்று ஹார்வர்டில் யாரும் சுலபமாகச் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

1920களின் தொடக்கம் வரை நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அதனால் படிப்பில் கெட்டிக்காரர்களான யூத மாணவர்களின் எண்ணிக்கை உயர்ந்து, 1922ல் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல் இதைக் குறைக்க விரும்பினார். வெளிப்படையான ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. எனவே 1926ல் வேறு வழி கண்டார்கள். முதலாண்டு மாணவர் எண்ணிக்கைக்கு 1,000 என்று வரம்பு வைத்தார்கள். மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்ற அளவுகோலும் சேர்ந்தது. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டார்கள்.

அதாவது தடை இருந்தது, ஆனால் அது அனுமதி விகிதத்தில் தெரியவில்லை. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த சில தனியார் பள்ளிகளிலிருந்தே பெருமளவில் விண்ணப்பங்கள் வந்தன. ஏழைகளும் தமக்கு அங்கே இடமில்லை என்று நினைத்தவர்களும் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பிக்காதவர்கள் நிராகரிக்கப்பட்டவர்கள் கணக்கில் வருவதில்லை அல்லவா?

சிகாகோ: மாறியது என்ன?

1993ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அனுமதி விகிதம் சுமார் 77 சதவீதம். 2005ல் அது ஏறக்குறைய 40. 2013ல் 9 சதவீதத்துக்கும் குறைவு! இருபது ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகம் எட்டு மடங்கு சிறந்ததாகிவிட்டதா?

1942ல் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நடந்த இடம் அது. 1983ல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் 1937 முதல் 1995ல் மறையும் வரை பணியாற்றியது அங்கேதான். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜனும் 1993ல் இறக்கும்போது அங்கே பேராசிரியராக இருந்தார். ஆக, நூற்றுக்கு 77 பேரைச் சேர்த்த காலத்திலும் அது முதல்தரமான பல்கலைக்கழகம்தான்.

அப்போது விண்ணப்பித்தவர்கள் குறைவு. பாடம் கடினம், கொண்டாட்டம் கிடையாது என்று பெயர் வாங்கிய இடம் அது. 'மகிழ்ச்சி சாக வரும் இடம்' என்று மாணவர்களே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் விசித்திரமான கட்டுரைக் கேள்விகள் வேறு. அதனால் ஆர்வம் உள்ளவர்கள் மட்டுமே முயன்றார்கள். மாணவர்கள் தங்களைத் தாங்களே வடிகட்டிக்கொண்டார்கள் எனலாம்.

2008ல் சிகாகோ 'காமன் அப்ளிகேஷன்' முறையில் சேர்ந்தது. 1975ல் 15 கல்லூரிகளோடு தொடங்கிய பொது விண்ணப்ப முறை இது. ஒரே படிவத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம். கூடவே மாணவர்களைத் தேடிச் சென்று விளம்பரம் செய்வதும் அதிகரித்தது. 2013ல் விண்ணப்பங்கள் 30,000ஐத் தாண்டின. இடங்கள் அதே வேகத்தில் கூடவில்லை. விகிதம் சரிந்தது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

விகிதத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு கல்லூரியில் 1,000 இடங்கள், 10,000 விண்ணப்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். அழைக்கப்படுபவர்களில் பாதிப்பேர்தான் வந்து சேருவார்கள் என்றால் 2,000 பேரை அழைக்க வேண்டும். விகிதம் 20 சதவீதம். 'இடம் தந்தால் கட்டாயம் சேருவேன்' என்று முன்கூட்டியே உறுதி தருபவர்களிலிருந்து பெரும் பகுதியை எடுத்து, 80 சதவீதம் பேர் சேரும்படி செய்தால் 1,250 பேரை அழைத்தால் போதும். விகிதம் 12.5 ஆகிவிடும். வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது.

2021ல் ஹார்வர்டிலும் இதுபோன்ற ஒரு மாற்றம் நடந்தது. கொரோனா காரணமாக நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்றதும், முந்தைய ஆண்டு சுமார் 40,000 ஆக இருந்த விண்ணப்பங்கள் 57,000ஐத் தாண்டின. அனுமதி விகிதம் 3.4 சதவீதமாக இறங்கியது.

தரவரிசை வெளியிடும் யு.எஸ். நியூஸ் பத்திரிகையே 2018ல் அனுமதி விகிதத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே அனுமதி விகிதம் காட்டுவது இடத்துக்கு இருக்கும் போட்டியை மட்டுமே. யார் விண்ணப்பிக்கவே துணியவில்லை என்பதையும், உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்பதையும் அது சொல்லாது. சேர்ந்தவர்களின் மதிப்பெண், எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், எவ்வளவு உதவித்தொகை கிடைக்கிறது என்பவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. 5 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு பயந்து விண்ணப்பிக்காமல் விடுபவரும், 70 சதவீதம் என்பதைக் கண்டு மட்டமான கல்லூரி என்று ஒதுக்குபவரும் இழப்பது ஒன்றைத்தான்: தமக்குப் பொருத்தமான ஓர் இடத்தை.