வைரம் பதித்தல்

வைரம் பதித்தல்: பட்டை தீட்டிய வைரத்தை நகையில் அசையாமல் பொருத்தும் பொற்கொல்லர் வேலை. பிடிப்பது பசையல்ல, உலோகம்தான்.

ஒற்றைக்கல் மோதிரங்களில் அதிகம் காண்பது கொக்கிப் பதிப்பு. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886இல் ஆறு கொக்கிகளால் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தி, இதைப் புகழ்பெறச் செய்தது. பதிப்பவர் ஒவ்வொரு கொக்கியின் உட்புறத்திலும் கல்லின் விளிம்பு உட்காரச் சிறு வெட்டு எடுப்பார். கல்லை இறக்கி, நுனிகளை அதன்மேல் மடக்கி, அரம் போட்டு வழவழப்பாக்குவார். வெட்டு ஆழமானால் கொக்கி ஒடியும். ஆழம் போதாவிட்டால் கல் ஆடும். வைரத்தில் எளிதில் கீறல் விழாது என்றாலும், கல் எளிதில் பிளக்கும் திசையான பிளவுத் தளத்தில் அடிபட்டால் சில்லு தெறிக்கும். கூர்முனையுள்ள மார்க்கீஸ், பிரின்சஸ் வடிவக் கற்களுக்கு ‘வி’ வடிவக் கொக்கி வைப்பது அதனால்தான்.

பொடிக்கற்களை நெருக்கமாகப் பரப்புவது பாவே பதிப்பு. இரு உலோகச் சுவர்களுக்கிடையே வரிசையாக அடுக்குவது சேனல் பதிப்பு.

தென்னிந்திய வைரத்தோடுகளில் பின்புறம் மூடிய ‘குளோஸ் செட்டிங்’ மரபானது. பார்க்க எடுப்பானதுதான், ஆனால் உள்ளே நீர் கசிந்தால் கல் மங்கும். பின்புறம் திறந்த பதிப்பில் படியும் எண்ணெயையும் சோப்பையும் மென்தூரிகையால் கழுவிவிடலாம்.