பிரிந்த வீட்டுப் பிள்ளைகளும் சிறுவர் கதைகளும்

விவாகரத்து என்ற விடயத்தைச் சிறுவர் கதைக்குள் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு, ஜேர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949இல் தமது கதையின் நடுவிலேயே பதில் சொல்லிவிட்டார். அவ்வாண்டு வெளிவந்த அவரது நாவலின் பெயரை 'இரட்டை லொத்தே' எனத் தமிழில் சொல்லலாம். கதையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையா என்று கேட்கக்கூடிய பெரியவர்களோடு அவர் பேசத் தொடங்குகிறார். ஹொலிவூட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளை உதாரணத்துக்கு இழுக்கிறார். படத்தில் நடிக்க அந்தச் சிறுமிக்கு வயது போதுமாம்; அதே படத்தைத் தியேட்டரில் பார்க்க வயது போதாதாம். பெற்றோர் பிரிவதால் துன்பப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிரியாதிருப்பதால் துன்பப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், துன்பத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு அதைப்பற்றி அவர்களோடு பேசாமலிருப்பது என்ன நியாயம் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

அதற்கு முன்னரும் சிறுவர் கதைகளில் தாயோ தந்தையோ இல்லாத பிள்ளைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆனால் அந்தத் தாயும் தந்தையும் பெரும்பாலும் இறந்துபோனவர்கள். சிண்ட்ரெல்லாவின் தாய் அப்படித்தான். கேஸ்ட்னரே 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளரும்' கதையில் எமிலின் தந்தையும் அப்படித்தான். மரணம் யாருடைய குற்றமுமல்ல. கதாசிரியனுக்கு அது வசதி. உயிரோடிருக்கும் தந்தை ஏன் வீட்டில் இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்வதுதான் கஷ்டம். ஹென்றி ஜேம்ஸ் 1897இல் எழுதிய 'மெய்ஸி அறிந்தது' நாவல், மணவிலக்குப் பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் இடையில் பந்தாடப்படும் சிறுமி ஒருத்தியின் பார்வையில் எழுதப்பட்டதுதான். ஆனால் அது பெரியவர்களுக்கான நாவல். பெரியவர்களே மூச்சுவாங்கி வாசிக்கவேண்டிய வசனங்கள் அதில் உள்ளன.

கேஸ்ட்னரின் நூல்கள் 1933 மே மாதம் பேர்லினில் நாஜிகளால் எரிக்கப்பட்டபோது, அவர் அந்தக் கூட்டத்தில் நின்று அதைக் கண்ணால் கண்டவர். 1942இல் சொற்ப காலம் திரைக்கதை எழுத அனுமதி கிடைத்தபோது இரட்டையர் கதையைப் படமாக்க யோசித்தார். மீண்டும் தடை வந்தது. யுத்தம் முடிந்த பிறகே அது நூலாயிற்று.

கதையில் லூயிஸே வியன்னாவில் இசையமைப்பாளரான தந்தையோடும், லொத்தே மியூனிக்கில் பத்திரிகைக் காரியாலயத்தில் வேலைசெய்யும் தாயோடும் வளர்கிறார்கள். விடுமுறை முகாமொன்றில் சந்தித்த பிறகுதான் தாம் இரட்டைப் பிள்ளைகள் என்பது தெரியவருகிறது. தாயின் பெயர் லூயிஸேலொத்தே. பிள்ளைகளைப் பங்கிட்டதுபோலவே அந்தப் பெயரும் இரண்டாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. பக்கம் பக்கமாக அழுது எழுதவேண்டியதை இந்த ஒரு பெயரில் அடக்கிவிட்டார் மனிதர். பிள்ளைகள் இடம் மாறி மற்றவர் வீட்டுக்குப் போகிறார்கள். ஈற்றில் தாயும் தந்தையும் மறுமணம் செய்துகொள்கிறார்கள்.

பேசத் துணிந்த கேஸ்ட்னர் முடிவில் மட்டும் துணியவில்லை என்றே எனக்குப் படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை முயன்றால் பெற்றோரைச் சேர்த்துவைக்கலாம் என்றால், சேர்த்துவைக்க முடியாத பிள்ளை தன்னையல்லவா நொந்துகொள்ளும்? ஆனால் உலகம் விரும்பி எடுத்துக்கொண்டது அந்த முடிவைத்தான். டிஸ்னி நிறுவனம் 1961இலும் 1998இலும் அதைப் படமாக்கியது. தமிழில் 1965இல் கிருஷ்ணன் பஞ்சுவின் இயக்கத்தில் குட்டி பத்மினி இரட்டை வேடமிட்ட 'குழந்தையும் தெய்வமும்' வந்தது. மூலக்கதை ஜேர்மனியில் பிறந்தது என்பதை அறியாமலே நம்மில் எத்தனையோ பேர் அதைப் பார்த்துக் கண்கலங்கியிருப்போம்.

அந்த முடிவை மறுத்தவர்கள் அடுத்த தலைமுறையினர். எவர்மீதும் குற்றம் நிரூபிக்காமல் மணவிலக்குப் பெறும் சட்டம் 1970இல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. ஏனைய மாநிலங்களும் அவ்வழியே சென்றன. ஜூடி புளூமின் 'உலகம் முடிந்துவிடவில்லை' 1972இல் வெளியானது. அதில் வரும் கேரன் என்ற சிறுமியும் லொத்தேயைப்போலவே பெற்றோரைச் சேர்த்துவைக்கத் திட்டம் போடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு ஓடிவிட, தாயும் தந்தையும் ஒரே கூரையின்கீழ் வருகிறார்கள்; வந்த இடத்திலும் சண்டைதான். இனி இது சேராது என்பதைக் கேரன் தன் கண்ணாலேயே காண்கிறாள்.

இவ்வகையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது பெவர்லி கிளியரியின் 'அன்புள்ள ஹென்ஷோ அவர்களுக்கு'. 1983இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு நியூபெரி விருது பெற்றது. பெற்றோர் பிரிந்த ஒரு பையனைப்பற்றி எழுதுங்கள் என்று, ஒருவரையொருவர் அறியாத இரண்டு சிறுவர்கள் கேட்டுக்கொண்டதாலேயே இதனை எழுதியதாகக் கிளியரி சொல்லியிருக்கிறார். லெய் பொட்ஸ் என்ற பையன் ஓர் எழுத்தாளருக்கு எழுதும் கடிதங்களும், பின்னர் தனக்கென எழுதும் நாட்குறிப்புமே கதை. தந்தை லொறிச் சாரதி. அவரிடமிருந்து எப்போது அழைப்பு வரும் என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வகுப்பில் அவனது சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து நல்ல பண்டங்களை யாரோ திருடுகிறார்கள். பெட்டிக்கு மின்மணி பூட்டுகிறான். கட்டுரை எழுது, கடிதம் எழுது என்று பிள்ளைகளை வருத்தும் என்போன்ற வாத்தியார்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். எழுதச் சொன்னால் எழுதமாட்டான் என்று நாம் கைவிட்ட பையனுக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது விளங்கும். கடைசியில் தந்தை வருகிறார். சேர்ந்து வாழலாமா என்று கேட்கிறார். தாய் மறுத்துவிடுகிறாள். மகனுக்கென்று கொண்டுவந்த நாயை, நெடுந்தூரம் தனியே லொறி ஓட்டும் உங்களுக்கே துணையாக இருக்கட்டும் என்று லெய் திருப்பியனுப்புகிறான். இதைவிடப் பெரிய மனிதன் அந்தக் கதையில் வேறு எவருமில்லை.

இங்கிலாந்தில் 1987இல் ஆன் ஃபைன் எழுதிய 'மேடம் டவுட்ஃபயர்' நூலில், பிள்ளைகளோடு இருப்பதற்காகத் தந்தை பெண்வேடமிட்டு வீட்டுக்கு வேலைக்கு வருகிறார். பிள்ளைகளைப் பார்க்கும் ஏற்பாடு முடிவில் சீராகிறதே தவிர, பெற்றோர் சேர்வதில்லை. 1993இன் ஆங்கிலப் படத்திலும் சேர்வதில்லை. அதே கரு 1996இல் கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி'யாகத் தமிழுக்கு வந்தபோது கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆக இருமுறையும் இந்தக் கதை நம்மிடம் திரைப்படமாக வந்து, இருமுறையும் சுபமாகவே முடிந்தது. சினிமாவுக்கு அது தேவை. ஆனால் காதி நீதிமன்றத்துக்குப் போன உம்மாவுக்காகப் பக்கத்து வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு லொத்தேயைவிட லெய்தான் நெருங்கிய கூட்டாளியாக இருப்பான்.

ஜாக்குலின் வில்சனின் 'பெட்டிக்காரப் பிள்ளை' 1992இல் வந்தது. ஆங்கில அரிச்சுவடியின் 26 எழுத்துக்களுக்கும் ஓர் அத்தியாயம். ஆண்டி என்ற சிறுமி ஒரு வாரம் தாயின் புதிய வீட்டிலும் மறு வாரம் தந்தையின் புதிய வீட்டிலுமாகப் பெட்டியோடு அலைகிறாள். யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டபோது, விற்றுவிட்ட தங்கள் பழைய வீட்டின் பெயரைச் சொல்கிறாள்.

இந்தக் கதையை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. கிழக்கிலங்கையில் நமது ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பவர். மணமுறிவு வந்தால் பிள்ளை அதே வளவில் உம்மாவோடும் உம்மம்மாவோடும் இருந்துவிடும், வாப்பா வெளியேறுவார். நம்மவர் எவரேனும் இதை எழுதினால், அக்கதையில் பெட்டியைத் தூக்குபவர் வாப்பாவாக இருப்பார்.