கரி பூட்டும், கழுவாது



நம் நாட்டுச் சிரட்டைக் கரியிலிருந்து செய்யப்படும் 'அக்டிவேட்டட் காபன்' தண்ணீர் வடிகட்டிக்குள் இருப்பது பலருக்கும் தெரியும். அதே பொருளை நஞ்சேறிய விவசாய மண்ணிலும் கலக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கலந்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை விளங்கிக்கொள்ள, கரீபியன் கடலில் உள்ள இரண்டு தீவுகளின் வரலாறு உதவும். பதிவு கொஞ்சம் நீளம். விவசாயம் செய்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

மார்டினிக், குவாடலூப் என்ற அந்தத் தீவுகள் பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்டவை. மலைநாட்டுக்குத் தேயிலை எப்படியோ, அவர்களுக்கு வாழை அப்படி. பெரிய தோட்டங்கள், கப்பலில் ஏற்றுமதி, கூலிக்கு உழைக்கும் மக்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை.

வாழையின் கிழங்கைத் துளைக்கும் ஒரு வண்டு அங்கே பெரும் தொல்லை. கிழங்கு துளைக்கப்பட்ட மரம் சின்னக் காற்றுக்கே சாய்ந்துவிடும். அந்த வண்டைக் கொல்ல 1972இல் பிரெஞ்சு அரசு ஒரு கிருமிநாசினிக்கு அனுமதி கொடுத்தது. அதன் பெயர் குளோர்டெகோன். 'கெப்போன்' என்ற பெயரில் அமெரிக்காவில் தயாரானது. தொழிலாளர்கள் அந்தத் தூளைக் கையால் அள்ளி ஒவ்வொரு மரத்தின் அடியிலும் போட்டார்கள்.

அந்த ஆபத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் குரல் கொடுத்தார்கள். 1974 ஆரம்பத்தில் மார்டினிக் வாழைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வோடு நச்சு மருந்துகளை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். கோரிக்கைப் பட்டியலில் கெப்போனின் பெயரும் இருந்தது. பெப்ரவரி 14ஆம் திகதி பொலிஸ் படை சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். இரண்டு நாட்களுக்குப் பிறகு இன்னொருவரின் உடல் கடற்கரையில் கிடந்தது. மருந்து நிற்கவில்லை.

அடுத்த வருடம், 1975இல், அந்த மருந்து தயாரான அமெரிக்காவிலேயே விஷயம் வெடித்தது. வேர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையின் ஊழியர்களுக்குக் கை கால் நடுக்கம் வந்தது. ஜூலை மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடி தடைசெய்யப்பட்டு, அந்தத் தடை பல வருடம் நீடித்தது. அமெரிக்காவில் உற்பத்தி அத்தோடு நின்றது.

பிரான்ஸ் நிறுத்தவில்லை. 1977இலும் 1980இலும் அந்நாட்டு அரச விவசாய ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களே மண்ணிலும் ஆற்றிலும் உயிரினங்களிலும் நஞ்சு தேங்குவதை எழுதி வைத்தார்கள். ஆனால் 1979, 1980 சூறாவளிகளுக்குப் பிறகு வண்டு பெருகியது. தோட்டக்காரர்கள் மருந்து கேட்டார்கள். 1981இல் 'கியூர்லோன்' என்ற புதுப் பெயரில் மறுபடி அனுமதி கிடைத்தது. 1990இல் பிரான்ஸில் தடை வந்த பிறகும், இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்களித்து 1993 வரை பாவிக்க விட்டார்கள்.

மொத்தம் சுமார் 21 வருடங்கள். மண்ணில் போனது ஏறக்குறைய 300 தொன்.

இந்த இரசாயனத்தின் ஒரு மூலக்கூறில் 10 குளோரின் அணுக்கள் கூடு மாதிரி இறுகிப் பிணைந்திருக்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களால் அதை இலேசில் உடைக்க முடியாது. நீரில் நன்றாகக் கரையாது, மண்ணின் சேதனப் பொருளில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது தானாக நீங்க, சில வகை மண்ணில் ஒரு நூற்றாண்டும் எரிமலைச் சாம்பல் மண்ணில் ஐந்து, ஆறு நூற்றாண்டுகளும் ஆகலாம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். மருந்து போட்டவரின் பேரன் மட்டுமல்ல, அந்தப் பேரனின் பேரனும் அதே மண்ணில்தான் பயிர் செய்ய வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், வாழைப்பழத்துக்குள் அந்த நஞ்சு ஏறுவதில்லை. கப்பலில் போன பழம் சுத்தம். வற்றாளை, சேம்பு போன்ற மண்ணுக்குள் விளையும் கிழங்குகளிலும், மேயும் மாட்டின் இறைச்சியிலும், கரையோர மீனிலும்தான் அது சேர்ந்தது. அதாவது, தீவு மக்களின் சாப்பாட்டில். 1999இல் குடிநீர் ஊற்றுகளிலும் கண்டுபிடித்தார்கள். 2002இல் மார்டினிக்கிலிருந்து போன ஒரு தொன்னுக்கு மேற்பட்ட வற்றாளைக் கிழங்கு பிரான்ஸின் டன்கேர்க் துறைமுகத்தில் பிடிபட்டது. பின்னர் நடந்த இரத்தப் பரிசோதனைகளில், இரண்டு தீவுகளிலும் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோரின் உடலில் இந்த நஞ்சு இருப்பது தெரியவந்தது. புரொஸ்டேட் புற்றுநோய் அபாயத்துடன் அதற்குத் தொடர்பிருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

இங்கேதான் கரி வருகிறது.

சிரட்டை போன்றவற்றை எரித்துக் கிடைக்கும் கரியை மிக உயர்ந்த வெப்பத்தில் நீராவியால் மறுபடி சூடாக்கினால், அதற்குள் எண்ணிலடங்காத நுண்துளைகள் திறக்கும். அதுதான் அக்டிவேட்டட் காபன். அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைகளின் பரப்பை விரித்தால் 1,000 சதுர மீற்றர் அளவுக்கு வரும், அதாவது ஏறத்தாழ கால் ஏக்கர்! முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்குள் கரியை வைத்ததும் இதனால்தான். அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில் தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு அமெரிக்காவில் பெரும் கிராக்கி இருந்தது.

குவாடலூப்பில் முதலில் குடிநீர் நிலையங்களில் இந்தக் காபன் வடிகட்டிகளைப் பூட்டினார்கள். தண்ணீர் சுத்தமானது. மண்ணுக்கும் அதைச் செய்யலாமா என்ற கேள்வி அதன் பிறகு எழுந்தது. நஞ்சேறிய மண்ணில் கரியைக் கலந்து, பண்ணை விலங்குகளுக்கு அந்த மண்ணைத் தீவனத்துடன் கொடுத்துப் பார்த்தார்கள். மேயும்போது விலங்குகள் மண்ணையும் விழுங்குவதுதான் இதற்குக் காரணம். கரி கலந்த மண்ணைத் தின்ற விலங்குகளின் உடலில் நஞ்சு கணிசமாகக் குறைந்தது. கரையொதுங்கி நாறும் சர்காசம் என்ற கடற்பாசியை எரித்தே அந்தக் கரியைச் செய்யலாமா என்றும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். நல்ல முயற்சிதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். வடிகட்டியில் உள்ள கரியைக் கழற்றி அகற்றலாம். மண்ணில் கலந்த கரியை அகற்ற முடியாது. நஞ்சு எங்கேயும் போகவில்லை, கரியின் துளைக்குள் அடைபட்டிருக்கிறது. கரி பூட்டுமே தவிர, கழுவாது.

செலவையும் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு சாண் ஆழ மண் மட்டும் 800 தொன்னுக்கு மேல் வரும். அதில் 100க்கு 2 பங்கு கரி கலப்பதென்றால் ஏக்கருக்கு 16 தொன் கரி வேண்டும்! பலனும் மண்ணுக்கு மண் வேறுபடுகிறது. பிறகு நீங்கள் தெளிக்கும் களைநாசினியையும் அந்தக் கரி பிடித்துக்கொள்ளும். கட்மியம், ஆசனிக் போன்றவற்றின் கதை வேறு. எல்லா நஞ்சையும் ஒரே கரி பிடிக்காது.

நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். 2006இல் தீவு மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் இதைச் சுகாதார ஊழல் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது, இன்னார்தான் குற்றவாளி என்று நிறுவ முடியவில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். குற்றவாளியைத் தேடவே காலம் கடந்துவிட்டது. மண்ணில் நஞ்சுக்கு மட்டும் இன்னும் காலம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன படிப்பினை?

மண் நமக்கு அமானிதம். வாப்பா தந்த காணி என்றாலும், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பொருள்தான் அது. கடைக்காரர் கொடுத்ததை அப்படியே தெளிக்காமல், மருந்தின் வர்த்தகப் பெயரோடு அதன் உண்மையான இரசாயனப் பெயரையும் பாருங்கள். பழைய மருந்து புதுப் பெயரில் வரும் என்பதற்கு கியூர்லோனே சாட்சி. சந்தேகம் இருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். எந்தக் காணியில், எந்தப் போகத்தில், எந்த மருந்து, எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தீவுகளில் இன்றும் எந்தக் காணி நஞ்சேறியது என்று அறிய, பழைய வாழைத் தோட்டங்களின் வரைபடங்களைத் தேடி, மண்ணைத் தோண்டிப் பரிசோதிக்கிறார்கள்.

இன்னொன்று. தலையிடி, நடுக்கம், தோல் எரிச்சல் என்று மருந்து தெளிக்கும் கூலித் தொழிலாளி சொன்னால், அதைச் சாட்டு என்று தட்டிவிடாதீர்கள். 1974இல் அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால், அதன் பிறகு போட்ட 19 வருட நஞ்சு மண்ணுக்குப் போயிருக்காது.