தேயிலைப் பெட்டியின் நாதம்

1954-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் தேதி, யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னும் பிரிட்டிஷ் குடும்பங்களை விடாது பற்றியிருந்த உணவுப் பங்கீட்டின் கடைசிக் கட்டு அவிழ்ந்தது. அதற்குப் பின் பத்து நாள்கூட ஆகாத நிலையில், 13-ஆம் தேதியன்று, லண்டனில் டெக்கா கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரிஸ் பார்பரின் ஜாஸ் குழுவினர் ஓர் இசைத்தட்டுக்காகக் கூடியபோது, அக்குழுவில் பாஞ்சோ வாசித்துவந்த லோனி டோனகன் என்ற இளைஞர் கிதாரை எடுத்துக்கொண்டு, லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் அமெரிக்காவில் பிரசித்தப்படுத்திய 'ராக் ஐலண்ட் லைன்' என்ற ரயில் பாட்டைப் பாடினார். பாட்டுக்குத் துணையாக நின்றவை, சலவைப் பலகையை விரல்களால் தேய்த்து எழுப்பிய தாளமும், டபிள் பாஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் மந்தர நாதமும் மட்டுமே. அந்த டபிள் பாஸை வாசித்தவர் குழுத் தலைவராகிய பார்பரே; அவருடைய சொந்த வாத்தியமோ டிராம்போன். அடியில் ஒலிக்க ஒருவர் வேண்டும் என்பதற்காகத் தம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை ஏற்றுக்கொண்ட அவருடைய செய்கையைப் போன்றதொன்று, அடுத்த சில ஆண்டுகளில் அந்நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கவிருந்தது.

அந்த இசைத்தட்டு 1955-இன் இறுதியில் தனியாக வெளியிடப்பட்டு, 1956 ஜனவரியில் விற்பனைப் பட்டியலில் ஏறியதும், ஸ்கிஃபிள் என்று பெயர் பெற்ற அந்த எளிய இசை காட்டுத்தீயாகப் பரவியது. பள்ளிக்கூடம், தேவாலயத்து வாலிபர் சங்கம், தொழிற்சாலை, ராணுவ முகாம் என்று இளைஞர் நாலு பேர் கூடும் இடமெல்லாம் ஒரு குழு பிறந்தது. அவ்வாறு தோன்றிய குழுக்கள் முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1957-இல் பி.பி.சி. வானொலி சனிக்கிழமைதோறும் ஸ்கிஃபிளுக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. இசைப் பள்ளிகளில் பயின்று, ஸ்வரக்குறிப்பைப் படிக்கக் கற்று, பெரியவர்களின் அனுமதி பெற்றே மேடையேற வேண்டும் என்றிருந்த ஒரு சமூகத்தில், கிதாரில் மூன்று ஸ்வரக்கூட்டுகளைக் கற்றவன் அன்று மாலையே குழுவில் சேர்ந்துவிடலாம் என்ற நிலை உண்டானது சிறிய காரியம் அன்று.

கிதாரை மலிவாக வாங்கலாம். சலவைப் பலகை அம்மாவின் சமையலறையில் இருந்தது. பாடுவதற்குக் குரல் இருந்தது. மந்தர ஸ்தாயிக்கு என்ன செய்வது? டபிள் பாஸை விலை கொடுத்து வாங்கத் தொழிலாளி வீட்டுப் பையனால் இயலாது. வாங்கினாலும் பஸ்ஸில் ஏற்ற இடம் இராது. அப்போது கைக்கு அகப்பட்டதுதான் தேயிலைப் பெட்டி. மெல்லிய ஒட்டுப் பலகையால் ஆகி, விளிம்புகளில் தகரப் பட்டை அடித்து, உட்புறம் உலோகத் தாள் ஒட்டிய அந்தச் சதுரப் பெட்டி, தேயிலை இறக்கியான பிறகு மளிகைக் கடைகளின் பின்கட்டில் கிடக்கும். வீடு மாறுவோர் பாத்திரங்களையும் புத்தகங்களையும் அதிலேதான் அடுக்குவார்கள். அதைக் கவிழ்த்துவைத்து, மேற்பலகையின் நடுவில் ஒரு துளையிட்டு, முறுக்கேறிய கயிறொன்றை உள்ளிருந்து முடிச்சிட்டு வெளியே இழுத்து, அதன் மறுமுனையைத் துடைப்பக் கழியின் உச்சியில் கட்டி, கழியின் அடியைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டால் வாத்தியம் தயார். கழியைப் பின்னால் சாய்த்தால் கயிறு இறுகி ஸ்வரம் மேலேறும், தளர்த்தினால் கீழிறங்கும். மெட்டுகளோ ஸ்வரஸ்தானத்தைக் காட்டும் குறிகளோ இல்லாத அதில், வாசிப்பவனுடைய காதும் இடது கையின் சாய்வுமே ஸ்வரத்தை நிர்ணயிக்கும். இரண்டு பாட்டு முடிவதற்குள் கயிறு நெகிழ்ந்துவிடும். விரல் தோல் உரிந்துபோகும். துணியைச் சுற்றிக்கொண்டு வாசிப்பார்கள்.

இந்த ஏற்பாடு இங்கிலாந்துப் பையன்கள் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைக் கறுப்பின மக்கள் துணி துவைக்கும் துத்தநாகத் தொட்டியைக் கவிழ்த்து, அதில் கயிறும் கழியும் பூட்டி வாசித்துவந்தார்கள். அதற்கும் மூதாதை ஆப்பிரிக்காவில் இருந்தது என்பது இசை ஆராய்ச்சியாளர்களின் கொள்கை. அங்கே நிலத்தில் குழி தோண்டி, அதை மரப்பட்டையாலோ தோலாலோ மூடி, நடுவிலிருந்து ஒரு நாரை இழுத்து, வளையும் கொம்பொன்றின் நுனியில் கட்டி மீட்டுவார்கள். அடிமைக் கப்பலில் எந்த வாத்தியத்தையும் எடுத்துச் செல்ல முடியாத மக்கள், அதைச் செய்யும் அறிவை மட்டும் நினைவில் கொண்டுசென்று, புதிய தேசத்தில் கிடைத்த தொட்டியைக் கொண்டு அதை மீண்டும் உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதை எண்ணும்போது, இந்தக் கழியையும் கயிற்றையும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க மனம் வருவதில்லை. பானையைக் கடமாக்கி வித்வான்களின் மேடையில் வைத்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

இனி, பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1940-இல் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் என்று தொடங்கிய தேயிலைப் பங்கீடு 1952 அக்டோபரில் நீங்கியபின், பிரிட்டனுக்குத் தேயிலை தாராளமாக வந்து இறங்கியது. அதில் மிகப் பெரும் பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. இலங்கையில், கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் காப்பிச் செடிகளை இலைநோய் அழிக்க, மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. அந்த மலைகளில் காடு வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும், ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே நடந்துபோன தமிழர்கள். தட்டையான பலகைகளாக வந்து சேரும் பெட்டிகளைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கூட்டி, தேயிலையைத் திணித்து மூடி, தோட்டத்தின் பெயரையும் தேயிலையின் ரகத்தையும் எடையையும் பக்கவாட்டில் மையால் பொறித்து, கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லாதவர்களாக ஆக்கப்பட்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்கள் உழைப்பைச் சுமந்து சென்ற பெட்டிகள் லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் பிள்ளைகளுடைய பாட்டுக்கு ஆதாரமாக நின்றன. வாசித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நாம் அறிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நியாயம் ஒன்றும் இல்லை.

ஸ்கிஃபிள் குழுக்களின் ஒத்திகை நடந்த இடங்கள் எல்லாம் வீட்டின் முன்னறைகளும் தேவாலயக் கூடங்களும் தோட்டத்துக் கொட்டகைகளுமே. லிவர்பூலில் ஜான் லெனன் 1956-இல் தொடங்கிய குவாரிமென் குழுவினர், அவருடைய தாயார் ஜூலியாவின் வீட்டுக் குளியலறையில் கூடி வாசித்ததுண்டு; ஓடு பதித்த சுவர்கள் ஒலியைத் திருப்பித் தந்ததால், இசைத்தட்டில் கேட்கும் முழக்கம் அங்கே கிடைத்தது. இத்தகைய ஒத்திகைகளில் பெரும்பொழுது பாட்டின் சொற்களைக் கேட்டு எழுதுவதிலும், தெரியாத ஸ்வரக்கூட்டைத் தெரிந்தவரிடம் கேட்டறிவதிலும் கழியும். லிவர்பூலின் மறுகோடியில் ஒருவருக்குக் கிதாரில் புதியதொரு ஸ்வரக்கூட்டு தெரியும் என்று கேள்விப்பட்டு, அந்த ஒன்றைக் கற்கவே பஸ் ஏறிப் போனதைப் பிற்காலத்தில், அக்குழுவில் பின்னர் சேர்ந்த பால் மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார்.

இந்தச் சந்தடிக்கிடையே பாஸ் வாசிப்பவனுடைய வேலை தனியானது. நம்முடைய சங்கீதத்தில் தம்புரா எழுப்பும் ஆதார ஸ்ருதி கச்சேரி முழுவதும் மாறாமல் நிற்கும். பாடுபவர் எங்கே சஞ்சரித்தாலும் அந்த இடத்துக்கே திரும்பி வருவார். மேல்நாட்டு இசையில், ஸ்வரக்கூட்டு மாறுந்தோறும் அடியில் நிற்கும் ஸ்வரமும் இடம் பெயரும். ஆகவே, பாடுபவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதை ஒரு கணம் முந்தி உணர்ந்து, அங்கே கால் வைக்கத் தரையை இட்டுக்கொடுப்பது பாஸ் வாசிப்பவனுடைய கடமை. அந்தந்தக் கூட்டின் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மாற்றி மாற்றி, அடிக்கொன்றாகத் தட்டிக்கொண்டு போவதே ஸ்கிஃபிளில் வழக்கம். கேட்பவர் காதில் அது தனியாக விழுவதில்லை; நின்றுவிட்டால் மட்டும், ஏதோ குறைகிறது என்று தெரியும். தேயிலைப் பெட்டியில் ஸ்வரத்தைத் துல்லியமாகப் பிடிப்பது அரிதாகையால், பலர் ஏறத்தாழ ஒரு முழக்கத்தை எழுப்பித் தாளத்தைக் காப்பதோடு நின்றார்கள் என்பதும் வாஸ்தவந்தான். ஆயினும், குழுவில் உள்ள மற்ற எல்லாரையும் கூர்ந்து கேட்டாக வேண்டியவன் அவன் ஒருவனே என்பதால், சேர்ந்து வாசித்தல் என்னும் கலையை முதலில் கற்றவனும் அவனே என்பது என் அபிப்பிராயம்.

அத்தனை பொறுப்புள்ள இடத்துக்குக் கௌரவம் இருந்ததா என்றால், இல்லை. கிதார் இல்லாதவன், வாங்க வசதியில்லாதவன், நண்பன் என்பதற்காக விட்டுவிட மனமில்லாமல் சேர்த்துக்கொள்ளப்பட்டவன், இப்படிப்பட்டவர்களிடமே பெட்டி ஒப்படைக்கப்பட்டது. குவாரிமென் குழுவிலேயே சில மாதங்களுக்குள் நான்கு பேர் அதை மாற்றி மாற்றி வாசித்தார்கள். 1957 ஜூலை 6-ஆம் தேதி வூல்டன் தேவாலயத் திருவிழாவில், லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதல் சந்தித்த அந்த நாளில், பெட்டியருகே நின்றவர் லென் கேரி. ஸ்கிஃபிள் மோகம் தணிந்து, அக்குழு ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியபின், பெட்டியின் ஒலி போதவில்லை; பிறகு வெகுகாலம் பாஸ் இல்லாமலேயே காலந்தள்ளினார்கள்.

இதற்குள் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இலேயே மின்சார பாஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் கழுத்தில் மெட்டுகள் பதித்திருந்ததால் ஸ்வரம் தவறும் அச்சம் இல்லை. தோளில் மாட்டிக்கொண்டு எங்கும் போகலாம். ஆனால் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு 1959 வரை நீங்காமையால், பிரிட்டிஷ் இளைஞர்களுக்குக் கிட்டியவற்றில் முக்கியமானவை ஜெர்மனியில் ஹோஃப்னர் கம்பெனி செய்த வாத்தியங்கள். லெனனின் நண்பரான ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்ற ஓவிய மாணவர், தம் ஓவியம் ஒன்று 65 பவுனுக்கு விலைபோனதும், நண்பர்களின் தூண்டுதலால் 1960-இல் ஹோஃப்னர் பாஸ் ஒன்றை வாங்கினார். வாசிக்கத் தெரிந்து வாங்கவில்லை. இடம் காலியாக இருந்தது. அவர் ஓவியத்துக்கே திரும்பியபோது, வேறு யாரும் முன்வராததால் 1961-இல் மெக்கார்ட்னி அந்த இடத்தை ஏற்று, ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு வயலின் வடிவ ஹோஃப்னர் ஒன்றை வாங்கினார். மந்தர ஸ்தாயியே ஒரு தனிப் பாட்டாக நடக்கும் வாசிப்பை உலகம் பின்னர் அவரிடமிருந்து கேட்டது.

தென் லண்டனில் கிளிஃப்டன்ஸ் என்ற சிறு குழுவில் வாசித்துவந்த பில் வைமன், 8 பவுனுக்கு வாங்கிய பழைய பாஸின் உடலைத் தாமே அறுத்துச் செதுக்கி, தேய்ந்த மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, மெட்டில்லாமலே வாசிக்கத் தொடங்கினார். ஒருவகையில், தேயிலைப் பெட்டியின் லட்சணமாகிய, காதால் மட்டுமே ஸ்வரம் காணும் முறைக்கு அவர் திரும்பிச் சென்றார் எனலாம். 1962 டிசம்பரில் செல்சியாவின் மதுக்கடை ஒன்றில் ஒத்திகை செய்துகொண்டிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு, அவர் கொண்டுவந்த ஒலிபெருக்கிகளும் ஒரு காரணம் என்பது அவர்களே ஒப்புக்கொண்ட செய்தி.

தேயிலையை இன்று காகித மூட்டைகளில் அனுப்புகிறார்கள், பெட்டிகள் அருகிவிட்டன. இங்கிலாந்தின் ஜனரஞ்சக இசையின் சரித்திரத்தை எழுதுவோர், எஞ்சியுள்ள பெட்டிகளின் பக்கவாட்டில் மையால் பொறித்த தோட்டத்தின் பெயரையும் படித்துக் குறித்துவைக்க வேண்டும். மலையகத் தமிழரின் சரித்திரத்தை எழுதுவோரும், தம் மக்கள் கட்டியனுப்பிய பெட்டி கடல் கடந்து செய்த இந்தக் காரியத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.