இரண்டு பணி ஆணைகள் கையில் இருந்தால்: தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் வில்லியனூரைத் தாண்டியதும் வருகிறது அரியூர். இவ்வூரிலிருந்தும் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்தும் பொறியியல் படிக்கச் செல்லும் தலித் மாணவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். இறுதியாண்டில் வளாகத் தேர்வு முடிந்து கைக்கு வரும் பணி ஆணையில் ஒரே ஓர் எண்தான் கண்ணில் படும்: ஆண்டுக்கு இத்தனை இலட்சம். மற்ற பக்கங்களைப் படித்து விளக்க வீட்டில் ஆளில்லை. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கோ எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதே கணக்கு. சொத்துள்ள வீட்டுப் பிள்ளை தவறான நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால், விலகி ஆறு மாதம் வீட்டில் இருந்து வேறு வேலை தேடலாம். கல்விக் கடனோடு வெளியே வருபவருக்கு அந்த ஆறு மாதம் இல்லை. ஆகவே ஊதியம், பணிப் பயன்கள், அலுவலகப் பண்பாடு ஆகிய மூன்றையும் அவர் எடைபோடும் முறை வேறாகத்தான் இருக்க முடியும்.

முதலில் அந்த எண். சிடிசி என்பது சம்பளம் அன்று. ஒருவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. எடுத்துக்காட்டாக, 3,60,000 ரூபாய் என்று ஆணை சொல்வதாகக் கொள்வோம். மாதம் 30,000 என்று ஊரில் சொல்லிவிடுவோம். அதில் பத்து விழுக்காடு ‘செயல்திறன் ஊதியம்’ என்றால் 36,000 உறுதியற்றது. அடிப்படை ஊதியம் மாதம் 15,000 எனில், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காடு ஆண்டுக்கு 21,600. நம்மிடமிருந்து பிடிப்பதும் அதே தொகை. பணிக்கொடைக்கென ஏறத்தாழ 8,650. காப்பீட்டுக்கு ஒரு 6,000. இவற்றையெல்லாம் கழித்தால் மாதந்தோறும் வங்கியில் விழுவது 22,000 ரூபாயை ஒட்டிய தொகைதான். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் அறை வாடகை, உணவு, பயணம் போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்பதை இந்த எண்ணிலிருந்து கணக்கிட வேண்டும். 2024 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு அருகே, வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வீட்டிலிருந்தே சென்று வரக்கூடிய இடத்தில் கிடைக்கும் சற்றுக் குறைந்த சம்பளம், சென்னையின் கூடுதல் சம்பளத்தைவிட அதிகமாகக் கையில் நிற்கக்கூடும். பெருநகரத்தில் கிடைக்கும் அனுபவமும் அறிமுகங்களும் அந்தக் கணக்கில் வராதவை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பயன்களில் மூன்றைக் கவனித்தால் போதும். வைப்பு நிதி முறையாகச் செலுத்தப்படுகிறதா என்பது ஒன்று. மருத்துவக் காப்பீடு பெற்றோரையும் உள்ளடக்குமா என்பது அடுத்தது. முதல் தலைமுறை ஊழியரின் சேமிப்பைக் கரைப்பது பெரும்பாலும் பெற்றோரின் மருத்துவமனைச் செலவே. மூன்றாவது, ஒப்பந்தப் பிணை. இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு தொகை தர வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே சட்டவிரோதமாகிவிடாது. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி ஊழியரின் வழக்கில் இரண்டு இலட்ச ரூபாய்ப் பிணையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ‘சும்மா கையெழுத்துப் போடு, யாரும் கேட்கமாட்டார்கள்’ என்ற அறிவுரையை நம்பக் கூடாது. மூலச் சான்றிதழ்களை, குறிப்பாகச் சாதிச் சான்றிதழை, நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவரவே கூடாது. சரிபார்த்த கையோடு திரும்பப் பெற வேண்டும்.

இனி பண்பாடு. வேலைவாய்ப்பு ஆலோசகர்கள் இச்சொல்லைக் கொண்டு உணவகம், விளையாட்டு அறை, வார இறுதிச் சுற்றுலா ஆகியவற்றைக் குறிப்பார்கள். நமக்கு அது ஊதியத்தின் இன்னொரு பெயர். ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் யார், நல்ல திட்டப்பணி யாருக்குப் போகிறது, யாருடைய பரிந்துரையில் ஆள் எடுக்கிறார்கள் என்பவைதான் ஐந்தாம் ஆண்டில் ஒருவர் வாங்கும் சம்பளத்தை முடிவு செய்கின்றன.

இது கற்பனை அச்சமன்று. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சமமான தகுதிகள் கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேதரின் நியூமன் ஆகியோர் மனிதவள அதிகாரிகளிடம் பேசினர். சாதி பார்ப்பதில்லை என்ற அவர்களே, ‘குடும்பப் பின்னணி’ கேட்பது இன்றியமையாதது என்றனர்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெயருக்குப் பின் சாதி ஒட்டுவது அரிது. முன்னெழுத்து நம்மை ஓரளவு மறைக்கிறது. அதனால் கேள்விகள் வேறு வடிவில் வரும். சொந்த ஊர் எது, ஊரிலா காலனியிலா, அப்பா என்ன செய்கிறார், எந்தக் கோட்டாவில் சீட் கிடைத்தது? ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. தேநீர் இடைவேளைக்கு அந்த ஆணை பொருந்தாது.

கலிபோர்னியா அரசின் துறையொன்று 2020 ஜூன் மாத இறுதியில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு இதை உலக அரங்குக்குக் கொண்டு சென்றது. இடஒதுக்கீட்டின் வழியே ஐஐடியில் சேர்ந்தவர் என்பது சக ஊழியர்களுக்குத் தெரியவந்த பின் ஒரு தலித் பொறியாளர் ஒதுக்கப்பட்டார் என்பதும், அவர் முறையிட்டபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதமன்று என மனிதவளத் துறை கூறியது என்பதும் குற்றச்சாட்டுகள். நிறுவனம் அவற்றை மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அரசுத் துறையே திரும்பப் பெற்றது; நிறுவனத்தின் மீதான வழக்கு அதோடு முடியவில்லை. இவ்வழக்கிற்குப் பிறகு ஆப்பிள் நிறுவனம் தன் நடத்தை விதிகளில் ‘சாதி’ என்ற சொல்லைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார்.

இந்தியாவின் நிலையோ விசித்திரமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்குகிறது. சாதிப் பாகுபாட்டை விசாரிக்க அத்தகைய குழு தனியார் நிறுவனத்தில் கட்டாயமில்லை. தீண்டாமையின் பெயரால் வேலையில் தடை விதிப்பதை 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பொதுப் பார்வையில் நிகழும் சாதி இழிவை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. ஆனால் மூடிய அறையில் எழுதப்படும் குறைந்த மதிப்பெண்ணுக்கு இவை எளிதில் எட்டா.

ஆகவே சேரும் முன்பே தேட வேண்டும். பங்குச்சந்தையில் முன்னணியிலுள்ள ஆயிரம் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வணிகப் பொறுப்பு அறிக்கை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. ஊழியர் விலகும் விகிதம், ஆண் பெண் இடைநிலை ஊதியம், பணியிடப் பாகுபாடு குறித்து வந்த புகார்களின் எண்ணிக்கை ஆகியவை அதில் இருக்கும். ஊழியரின் சாதி விவரத்தை அந்தப் படிவம் கேட்பதில்லை. பல்லாயிரம் பேர் பணிபுரியும் நிறுவனம் ஒரு பாகுபாட்டுப் புகார்கூட வரவில்லை என எழுதியிருந்தால், அதை நற்செய்தியாக மட்டும் படிக்க வேண்டியதில்லை. புகார் செய்ய வழியில்லாமலும் இருக்கலாம்.

அந்த நிறுவனத்தில் இருந்து விலகிய நம் கல்லூரி மூத்தவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுவது இதைவிடப் பயன் தரும். உள்ளே இருப்பவர் எச்சரிக்கையாகவே பேசுவார். மனிதவள அதிகாரியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மேலாளர் தரும் மதிப்பீட்டை எதிர்த்து யாரிடம் முறையிடலாம், நடத்தை விதிகளில் பாகுபாடு என்ற தலைப்பின் கீழ் சாதி பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா? நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், சேரும் நாளுக்கு முன் நடத்தை விதிகளின் நகலை மின்னஞ்சலில் கேட்டுப் பெறலாம். அந்த மின்னஞ்சலைத் தனிப்பட்ட முகவரியில் சேமித்து வைக்க வேண்டும். அலுவலக முகவரி விலகும் நாளிலேயே முடக்கப்பட்டுவிடும்.